பிரிண்ட் ஸ்பூலர் நின்றுபோனால்: அறிகுறி வாரியாகப் பார்த்து இயல்பு அமைப்புக்குத் திருப்பும் முறை

கேபிள் சரியாக இருக்கிறது, மை இருக்கிறது, பிரிண்டரின் பொத்தானை அழுத்திச் சோதனைப் பக்கம் எடுத்தால் ஒழுங்காக வருகிறது. ஆனால் கணினியிலிருந்து கொடுத்தால் ஒரு தாள்கூட வருவதில்லை. ஜெராக்ஸ் கடைகளிலிருந்தும் சிறு அலுவலகங்களிலிருந்தும் இந்தப் புகார் திரும்பத் திரும்ப வருகிறது. இப்படி வரும் கணினிகளில் பழுது பெரும்பாலும் பிரிண்டரில் இருப்பதில்லை. அச்சுக்குக் கொடுக்கும் ஒவ்வொரு கோப்பையும் வாங்கி, வரிசையில் வைத்து, பிரிண்டருக்கு அனுப்பும் பிரிண்ட் ஸ்பூலர் என்ற பின்னணிச் சர்வீஸ் நின்றிருக்கும். அல்லது அதன் அமைப்புகளில் ஒன்றை ஏதோ ஒரு மென்பொருள் மாற்றியிருக்கும்.

அதைப் பார்க்காமலே டிரைவரை (பிரிண்டரை விண்டோஸோடு இணைத்துவைக்கும் மென்பொருளை) நீக்கி மறுபடி நிறுவுவதும், அதுவும் பலிக்காதபோது விண்டோஸையே அழித்துப் புதிதாகப் போடுவதும் வழக்கமாகிவிட்டது. டிரைவரைத் தொடுவதற்கு முன் இந்த ஒரு சர்வீஸின் அமைப்புகளை இயல்புநிலையோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட வேண்டும் என்பதே நான் வலியுறுத்துவது. கீழே உள்ளவை விண்டோஸ் 10, விண்டோஸ் 11 இரண்டுக்கும் பொருந்தும். ஒவ்வோர் அறிகுறியின் கீழும் எளிய காரணம் முதலிலும் அதிகச் செலவு வைக்கும் காரணம் கடைசியிலும் வருமாறு எழுதியிருக்கிறேன். அந்த வரிசையிலேயே பாருங்கள்.

தொடங்குவதற்கு முன்

நிர்வாகி உரிமை உள்ள கணக்கில் உள்நுழையுங்கள். எதை மாற்றுவதாக இருந்தாலும் மாற்றுவதற்கு முன் இருந்த மதிப்பைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கணினி அமைப்புகளை முந்தைய நாளின் நிலைக்குத் திருப்பும் சிஸ்டம் ரெஸ்டோர் இயக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்து, ஒரு மீட்புப் புள்ளியையும் உருவாக்கிவிடுங்கள். பல கணினிகளில் அது அணைந்தே கிடக்கும்.

கட்டளைகளைத் தமிழ் எழுத்திலும், முதலில் வரும் இடத்தில் அடைப்புக்குறிக்குள் ஆங்கில எழுத்திலும் கொடுத்திருக்கிறேன். தட்டச்சிடும்போது ஆங்கிலத்தில் இட வேண்டும். அவற்றை நிர்வாகியாகத் திறந்த கமாண்ட் பிராம்ப்ட்டில்தான் இட வேண்டும், பவர்ஷெல்லில் அல்ல. விண்டோஸுடன் வரும் பவர்ஷெல்லில் எஸ்சி என்ற இரண்டு எழுத்துக்கு, ஒரு கோப்பில் எழுது என்று பொருள். அங்கே 'எஸ்சி க்யூசி ஸ்பூலர்' (sc qc spooler) என்று இட்டால் எந்தத் தகவலும் வராது; பிழைச் செய்தியும் வராது; க்யூசி என்ற பெயரில் ஒரு கோப்பு மட்டும் சத்தமில்லாமல் உருவாகியிருக்கும். விண்டோஸ் 11-இல் டெர்மினலைத் திறந்தால் பவர்ஷெல்தான் முதலில் வருகிறது என்பதால் இதில் பலர் ஏமாறுகிறார்கள்.

இயல்பான அமைப்பு எப்படி இருக்க வேண்டும்

விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தி, வரும் ரன் பெட்டியில் 'சர்வீசஸ்.எம்எஸ்சி' (services.msc) என்று இட்டுச் சர்வீஸ் பட்டியலைத் திறந்து, பிரிண்ட் ஸ்பூலர் மீது இருமுறை சொடுக்குங்கள். நான்கு தாவல்கள் இருக்கும்.

ஜெனரல் தாவலில் ஸ்டார்ட்அப் டைப் 'ஆட்டோமேட்டிக்' என்று இருக்க வேண்டும். தாமதித்துத் தொடங்கும் ஆட்டோமேட்டிக் அல்ல, மேனுவலும் அல்ல. அதே தாவலில் இயங்கு கோப்பின் பாதை, சி டிரைவில் விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் சிஸ்டம்32-ஐயும், அதில் உள்ள 'ஸ்பூல்எஸ்வி.இஎக்ஸ்இ' (spoolsv.exe) கோப்பையும் காட்ட வேண்டும். லாக் ஆன் தாவலில் 'லோக்கல் சிஸ்டம் அக்கவுண்ட்' தேர்வாகியிருக்க வேண்டும். ரெகவரி தாவலில் முதல் தோல்விக்கும் இரண்டாம் தோல்விக்கும் சர்வீஸை மறுபடி தொடங்கு என்றும், அதற்கு மேற்பட்ட தோல்விகளுக்கு எதுவும் செய்யாதே என்றும் இருக்கும். டிபெண்டன்சீஸ் தாவலில் ஸ்பூலர் சார்ந்திருப்பவையாக இரண்டு பெயர்கள் மட்டுமே இருக்க வேண்டும்: 'ரிமோட் ப்ரொசீஜர் கால்', 'எச்டிடிபி சர்வீஸ்'.

மூன்றாம் தோல்விக்கும் மறுதொடக்கம் என்று மாற்றிவைக்குமாறு சிலர் அறிவுரை சொல்வதுண்டு. நான் அதைச் செய்வதில்லை. திரும்பத் திரும்ப விழும் சர்வீஸுக்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது. விழுந்ததெல்லாம் தானாக எழுந்துகொண்டே இருந்தால் அந்தக் காரணம் வெளியே தெரியாமல் மறைந்துவிடும்.

அறிகுறி 1: ஸ்பூலர் சர்வீஸ் இயங்கவில்லை என்று செய்தி வருகிறது

பிரிண்டரைச் சேர்க்க முயலும்போதோ அச்சுக்குக் கொடுக்கும்போதோ இந்தச் செய்தி வரும். சில மென்பொருள்களில் செய்தி வராது. பிரிண்டர் பட்டியல் வெறுமையாகத் தெரியும். சர்வீஸ் பட்டியலைத் திறந்து, பிரிண்ட் ஸ்பூலருக்கு நேராக 'ரன்னிங்' என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

'ஸ்டார்ட்' பொத்தான் வேலை செய்தால்

அதை அழுத்துங்கள். ஸ்டார்ட்அப் டைப் மேனுவலாக இருந்தால் ஆட்டோமேட்டிக்காக மாற்றி, அப்ளை கொடுத்து, கணினியை ஒருமுறை அணைத்துப் போட்டு, சர்வீஸ் தானாக எழுகிறதா என்று பாருங்கள். எழுந்தால் வேலை முடிந்தது.

'ஸ்டார்ட்' பொத்தான் மங்கியிருந்தால்

ஸ்டார்ட்அப் டைப் 'டிசேபிள்ட்' என்று மாறியிருக்கிறது என்று பொருள். ஆட்டோமேட்டிக்கைத் தேர்ந்தெடுத்து, முதலில் அப்ளை கொடுத்தால்தான் ஸ்டார்ட் பொத்தான் தெளியும். இதையே 'எஸ்சி கான்ஃபிக் ஸ்பூலர் ஸ்டார்ட்= ஆட்டோ' (sc config spooler start= auto) என்றும், பிறகு 'நெட் ஸ்டார்ட் ஸ்பூலர்' (net start spooler) என்றும் கட்டளையாக இடலாம். சமக்குறிக்கும் ஆட்டோவுக்கும் இடையே ஓர் இடைவெளி விட வேண்டும். ஸ்டார்ட்அப் டைப்பை மாற்றும் பெட்டியே மங்கியிருந்தால், நீங்கள் நிர்வாகி கணக்கில் இல்லை, அல்லது அந்தக் கணினி அலுவலகக் கட்டுப்பாட்டில் இருக்கிறது.

இயல்பாக ஆட்டோமேட்டிக்கில் இருக்கும் சர்வீஸ் தானாக டிசேபிள்ட் ஆகாது. யாரோ மாற்றியிருக்க வேண்டும். கணினியை வேகமாக்குவதாகச் சொல்லும் மென்பொருள்களும், தேவையற்றதை நீக்குவதாக இணையத்தில் கிடைக்கும் ஸ்கிரிப்ட்டுகளும் முதல் சந்தேகத்துக்கு உரியவை. விண்டோஸின் தொடக்க அமைப்புகளை மாற்றும் கருவியான எம்எஸ்கான்ஃபிக்கில் எல்லாச் சர்வீஸ்களின் குறியையும் மொத்தமாக எடுத்துவிட்டவர்களும் உண்டு. இன்னொரு காரணம் 2021-ஐச் சேர்ந்தது. அந்த ஆண்டு ஜூலையில், பிரிண்ட்நைட்மேர் என்று பெயர்பெற்ற பாதுகாப்புக் குறை (சிவிஇ-2021-34527) வெளிப்பட்டபோது, ஸ்பூலரை நிறுத்தி முடக்கிவைப்பதைத் தற்காலிகப் பாதுகாப்பு வழிகளில் ஒன்றாக மைக்ரோசாஃப்ட்டே அறிவித்தது. திருத்தங்கள் அதே மாதம் வந்துவிட்டன. அன்று முடக்கியதைத் திரும்பத் திறக்காமல் விட்ட கணினிகள், பிரிண்டர் தேவைப்படும் நாள் வரை அப்படியே இருக்கின்றன. விண்டோஸ் அப்டேட் முழுமையாக நடந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு இயக்குங்கள்.

சரிசெய்த பிறகு மறுபடி முடங்கினால்

மாற்றியது யார் என்பதை விண்டோஸே குறித்துவைக்கிறது. விண்டோஸின் நிகழ்வுப் பதிவுகளைக் காட்டும் ஈவன்ட் வியூவரைத் திறந்து, விண்டோஸ் லாக்ஸ் என்பதன் கீழ் சிஸ்டம் பதிவேட்டுக்குச் சென்று, 7040 என்ற எண்ணை வடிகட்டித் தேடுங்கள். பிரிண்ட் ஸ்பூலர் சர்வீஸின் தொடக்க வகை ஆட்டோ ஸ்டார்ட்டிலிருந்து டிசேபிள்டுக்கு மாற்றப்பட்டது என்ற வரி கிடைத்தால், அதன் கீழே நாளும் நேரமும், எந்தக் கணக்கின் பெயரில் மாற்றப்பட்டது என்பதும் இருக்கும். அந்த நேரத்தில் எந்த மென்பொருள் நிறுவப்பட்டது, குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரில் எந்த வேலை ஓடியது என்று ஒப்பிட்டால் காரணம் பிடிபடும். அந்த மென்பொருளை நீக்காமல் ஸ்டார்ட்அப் டைப்பை மட்டும் மாற்றிக்கொண்டிருப்பதில் பயனில்லை. அலுவலகக் கணினியாக இருந்தால் அது நிறுவனக் கொள்கையாக இருக்கலாம். அங்கே மேற்கொண்டு எதையும் தொடாமல் கணினி நிர்வாகியிடம் சொல்லிவிடுவதே முறை.

அறிகுறி 2: தொடங்கச் சொன்னால் பிழை எண் வருகிறது

எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், வழி அந்த எண்ணைப் பொறுத்தே பிரிகிறது.

எண் 1058

சர்வீஸ் முடக்கப்பட்டிருக்கிறது. அறிகுறி 1-இல் சொன்னதுதான்.

எண் 1069

லாக் ஆன் கணக்கு மாற்றப்பட்டிருக்கிறது. யாரோ ஒரு பயனரின் பெயரையும் கடவுச்சொல்லையும் அங்கே கொடுத்து, பின்னாளில் அந்தக் கடவுச்சொல் மாறியிருக்கும். லாக் ஆன் தாவலில் லோக்கல் சிஸ்டம் அக்கவுண்டைத் தேர்ந்தெடுத்து அப்ளை கொடுத்தால் போதும்.

எண் 1068 அல்லது 1075

ஸ்பூலர் சார்ந்திருக்கும் இன்னொன்று எழவில்லை (1068), அல்லது அது கணினியிலேயே இல்லை (1075). அதிகம் அலையவைக்கும் எண் இதுதான். டிரைவரை எத்தனை முறை நிறுவினாலும் இது தீராது.

கமாண்ட் பிராம்ப்ட்டில் 'எஸ்சி க்யூசி ஸ்பூலர்' என்று இட்டு, வரும் விடையின் கடைசிப் பகுதியில் டிபெண்டன்சீஸ் என்பதற்கு நேராக என்ன இருக்கிறது என்று பாருங்கள். 'ஆர்பிசிஎஸ்எஸ்' (RPCSS), 'எச்டிடிபி' (HTTP) என்ற இரண்டு மட்டுமே இருக்க வேண்டும்; மேலே சொன்ன ரிமோட் ப்ரொசீஜர் கால், எச்டிடிபி சர்வீஸ் ஆகியவற்றின் குறும்பெயர்கள் இவை. மூன்றாவதாக ஒரு பெயர் இருந்தால், அது பெரும்பாலும் முன்பு இருந்த ஏதோ ஒரு பிரிண்டரின் மென்பொருள் தன் சொந்தச் சர்வீஸைச் சேர்த்துவிட்டுப் போனதாக இருக்கும். பிரிண்டரை விற்று, மென்பொருளையும் நீக்கிய பிறகு அந்தச் சர்வீஸ் கணினியில் இராது. ஆனால் அது வந்தால்தான் நான் எழுவேன் என்ற நிபந்தனை மட்டும் ஸ்பூலரில் ஒட்டிக்கொண்டிருக்கும். 'எஸ்சி கான்ஃபிக் ஸ்பூலர் டிபெண்ட்= ஆர்பிசிஎஸ்எஸ்/எச்டிடிபி' (sc config spooler depend= RPCSS/HTTP) என்ற கட்டளை பட்டியலை இயல்புக்குக் கொண்டுவந்துவிடும். இரண்டு பெயர்களுக்கும் நடுவே சாய்கோடு வர வேண்டும், இடைவெளி கூடாது.

பட்டியல் சரியாக இருந்தும் 1068 வந்தால் 'எஸ்சி க்யூசி எச்டிடிபி' (sc qc http) என்று இட்டுப் பாருங்கள். இது விண்டோஸின் உட்கருவில் ஓடும் கெர்னல் டிரைவர் என்பதால் சர்வீஸ் பட்டியலில் தெரியாது, அங்கே தேட வேண்டாம். இதன் தொடக்க வகை இயல்பில் 3, அதாவது தேவைப்படும்போது தொடங்குவது. 4 என்று இருந்தால் முடக்கப்பட்டிருக்கிறது. 'எஸ்சி கான்ஃபிக் எச்டிடிபி ஸ்டார்ட்= டிமாண்ட்' (sc config http start= demand) என்று இட்டு, கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள். எச்டிடிபியைச் சார்புப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுமாறு சொல்லும் குறிப்புகள் நிறைய உலவுகின்றன. அப்படிச் செய்தாலும் ஸ்பூலர் எழக்கூடும்; ஆனால் எச்டிடிபி முடங்கியதற்கான காரணம் அப்படியே கிடக்கும். எனவே பட்டியலைக் குறைக்காதீர்கள்.

ரிமோட் ப்ரொசீஜர் கால் சர்வீஸே நின்றிருந்தால் பிரச்சினை ஸ்பூலருடையது அல்ல. விண்டோஸின் பல பகுதிகள் அதை நம்பியிருப்பதால், வேறு பல கோளாறுகளும் உடன் தெரியும். அந்த நிலையில் தரவைப் படி எடுத்து வைத்துக்கொண்டு தொழில்நுட்பரை அழையுங்கள்.

எண் 2, அதாவது கோப்பைக் காணவில்லை

ஜெனரல் தாவலில் உள்ள பாதையை மேலே சொன்ன இயல்புப் பாதையுடன் எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். பாதை சரியாக இருந்து கோப்பு மட்டும் இல்லையென்றால், வைரஸ் தடுப்பு மென்பொருளின் தனிமைப்படுத்தல் பட்டியலைப் பாருங்கள். அங்கேயும் இல்லையென்றால், 'டிஐஎஸ்எம் /ஆன்லைன் /க்ளீனப்-இமேஜ் /ரெஸ்டோர்ஹெல்த்' (dism /online /cleanup-image /restorehealth) என்ற கட்டளையை இணைய இணைப்புடன் ஓட்டி முடித்து, அதன் பிறகு 'எஸ்எஃப்சி /ஸ்கேன்னவ்' (sfc /scannow) ஓட்டுங்கள். இந்த வரிசை முக்கியம். இரண்டாவது கட்டளை கோப்புகளை எடுக்கும் களஞ்சியத்தைச் சரிசெய்து கொடுப்பது முதல் கட்டளைதான்.

பாதை வேறொரு கோப்புறையைக் காட்டினாலோ, சிஸ்டம்32-க்கு வெளியே அதே பெயரில் ஒரு கோப்பு ஓடிக்கொண்டிருந்தாலோ அது தீநிரலாக (வைரஸ் போன்ற தீங்கு செய்யும் மென்பொருளாக) இருக்க வாய்ப்பு அதிகம். வலை இணைப்பைத் துண்டித்துவிட்டு, அந்தக் கணினியில் வங்கிப் பணிகள் எதையும் செய்யாமல், அனுபவமுள்ளவரிடம் காட்டுங்கள்.

அறிகுறி 3: தொடங்குகிறது, சில நொடிகளில் தானாக நின்றுவிடுகிறது

அமைப்புகள் எல்லாம் சரியாக இருக்கும்; ஸ்டார்ட் கொடுத்தால் எழும்; அச்சுக்குக் கொடுத்ததும் விழும். ஈவன்ட் வியூவரின் சிஸ்டம் பதிவேட்டில் 7031 என்ற எண்ணுடன், சர்வீஸ் எதிர்பாராமல் நின்றது என்ற குறிப்பு அடுத்தடுத்து இருக்கும்.

முதலில் வரிசையைக் காலி செய்யுங்கள். சிதைந்த ஒரே ஒரு கோப்பு வரிசையின் முன்னால் நின்றுகொண்டு, ஸ்பூலர் எழும்போதெல்லாம் அதைக் கீழே தள்ளிக்கொண்டிருக்கலாம். 'நெட் ஸ்டாப் ஸ்பூலர்' (net stop spooler) என்று இட்டு நிறுத்திவிட்டு, சிஸ்டம்32-க்குள் ஸ்பூல், அதற்குள் பிரிண்டர்ஸ் என்ற கோப்புறையைத் திறந்து, உள்ளே இருப்பவற்றை மட்டும் அழியுங்கள்; கோப்புறையை அழிக்கக் கூடாது. அங்கே ஒவ்வோர் அச்சுப் பணிக்கும் ஒரே எண்ணில் இரண்டு கோப்புகள் இருக்கும்: எஸ்பிஎல் என்று முடிவது அச்சிட வேண்டிய பக்கங்கள், எஸ்எச்டி என்று முடிவது எந்தப் பிரிண்டருக்கு, யாருடையது என்ற விவரம். அழித்ததும் 'நெட் ஸ்டார்ட் ஸ்பூலர்' கொடுங்கள்.

கடை வைத்திருப்பவர்கள் இந்த இடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எஸ்பிஎல் கோப்பில் இருப்பது வாடிக்கையாளரின் ஆதார் நகலாகவோ வங்கிக் கணக்குப் புத்தகத்தின் பக்கமாகவோ இருக்கலாம். பிரிண்டர் ப்ராப்பர்டீஸின் அட்வான்ஸ்டு தாவலில் 'கீப் பிரிண்டட் டாக்குமெண்ட்ஸ்' என்ற தேர்வில் குறி இருந்தால், அச்சாகி முடிந்த பிறகும் அந்தக் கோப்புகள் அழியாமல் சேர்ந்துகொண்டே போகும். இயல்பில் அங்கே குறி இராது. இருந்தால் எடுத்துவிடுங்கள், பிறருடைய ஆவணங்களை நம் கணினியில் தேக்கிவைக்க நமக்கு உரிமையில்லை.

வரிசையைக் காலி செய்தும் விழுந்தால்

ஈவன்ட் வியூவரில் இம்முறை அப்ளிகேஷன் பதிவேட்டுக்குச் சென்று, 1000 என்ற எண்ணில் ஸ்பூல்எஸ்வி பெயருடன் உள்ள குறிப்பைத் திறங்கள். அதில் 'ஃபால்ட்டிங் மாட்யூல் நேம்' என்ற வரிக்கு நேராக ஒரு டிஎல்எல் கோப்பின் பெயர் இருக்கும். அந்தப் பெயரின் முதல் சில எழுத்துகளே பெரும்பாலும் எந்தப் பிரிண்டரின் டிரைவர் என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். புரியாவிட்டால், அதே குறிப்பில் உள்ள பாதையைப் பின்தொடர்ந்து கோப்பைக் கண்டுபிடித்து, அதன் ப்ராப்பர்டீஸில் டீடெய்ல்ஸ் தாவலைப் பார்த்தால் தயாரித்தவர் பெயர் இருக்கும். 'என்டிடிஎல்எல்.டிஎல்எல்' என்று வந்திருந்தால் அதைக் குற்றவாளியாக எண்ண வேண்டாம். விண்டோஸின் அடிப்படைக் கோப்பான அதன் பெயர், வேறொன்று செய்த பிழைக்கும் அங்கே வந்து நிற்கும். அப்போது அண்மையில் சேர்த்த டிரைவரிலிருந்து தொடங்குங்கள்.

டிரைவரை நீக்குவதென்றால் பிரிண்டரைப் பட்டியலிலிருந்து எடுப்பது மட்டும் போதாது. முதலில் பிரிண்டரை நீக்கி, ஸ்பூலரை ஒருமுறை மறுதொடக்கம் செய்து, உடனே ரன் பெட்டியில் 'பிரிண்ட்யுஐ /எஸ் /டி2' (printui /s /t2) என்று இட்டால், பிரிண்ட் சர்வர் ப்ராப்பர்டீஸ் என்ற பெட்டியில் டிரைவர்களின் பட்டியல் வரும். உரியதைத் தேர்ந்தெடுத்து ரிமூவ் கொடுத்து, டிரைவரையும் அதன் தொகுப்பையும் சேர்த்து நீக்கும் தேர்வை எடுங்கள். வேறு பிரிண்டர் வாங்கியபோது விட்டுப்போன பழைய டிரைவர்களும் அங்கே வரிசையாக இருக்கும். பயன்படாதவற்றை அப்போதே எடுத்துவிடலாம். பிரிண்டருடன் வந்த கூடுதல் மென்பொருளை செட்டிங்ஸின் ஆப்ஸ் பகுதியிலிருந்து நீக்குவதும் அவசியம், ஏனெனில் மை அளவைக் காட்டும் சிறு நிரல்களும் ஸ்கேன் நிரல்களும் ஸ்பூலருக்குள்ளேயே தங்கள் பாகங்களை ஏற்றிவிடுவதுண்டு.

ஒரே கணினியில் இரண்டு மூன்று நிறுவனங்களின் பிரிண்டர்களை வைத்திருப்பவர்கள், விண்டோஸ் ப்ரோ பதிப்பாக இருந்தால், பிரிண்ட் மேனேஜ்மெண்டில் அந்தக் குறிப்பிட்ட டிரைவருக்கு டிரைவர் ஐசோலேஷனை 'ஐசோலேட்டட்' என்று வைத்துப் பார்க்கலாம். அப்போது அந்த டிரைவர் விழுந்தாலும் ஸ்பூலரை இழுத்துக்கொண்டு விழாது. எல்லா டிரைவரும் இதற்கு இசைவதில்லை. இசையாவிட்டால் பழைய நிலைக்கே திருப்பிவிடுங்கள்.

டிரைவர் பட்டியலைத் திறக்கக்கூட நேரம் கொடுக்காமல் ஸ்பூலர் விழுந்தால், விண்டோஸின் அமைப்புகள் சேமிக்கப்படும் தரவுத்தளமான ரெஜிஸ்ட்ரியில் பிரிண்ட் மானிட்டர், பிரிண்ட் ப்ராசசர் பதிவுகளைக் கையால் நீக்க வேண்டியிருக்கும். அது பழகியவர் செய்யும் வேலை. அங்கே நிறுத்திக்கொண்டு தொழில்நுட்பரை அழையுங்கள்.

அறிகுறி 4: சர்வீஸ் இயங்குகிறது, அச்சுப் பணி நகரவில்லை

ரத்து செய்த பணி 'டிலீட்டிங்' என்ற நிலையிலேயே மணிக்கணக்கில் நின்றால், அறிகுறி 3-இல் சொன்னபடி வரிசையைக் காலி செய்வதே மருந்து. அதற்குப் பிறகும் பணிகள் தேங்கினால் கீழ்க்கண்டவற்றைப் பாருங்கள்.

சி டிரைவில் இடம் இருக்கிறதா? படங்கள் நிறைந்த பிடிஎஃப் ஒன்று அச்சுக்குப் போகும்போது அதன் எஸ்பிஎல் கோப்பு மூலக் கோப்பைவிடப் பலமடங்கு பெருத்துவிடலாம். இடம் போதாவிட்டால் பணி பாதியிலேயே நின்றுவிடும்.

ஸ்பூல் கோப்புறை இடம் மாறியிருக்கிறதா? அறிகுறி 3-இல் திறந்த பிரிண்ட் சர்வர் ப்ராப்பர்டீஸின் அட்வான்ஸ்டு தாவலில் அதன் இருப்பிடம் தெரியும். சி டிரைவில் இடமில்லை என்று யாரோ அதை வேறு டிரைவுக்கு மாற்றி, பிறகு அந்த டிரைவைக் கழற்றியிருந்தால் எதுவும் அச்சாகாது. அங்கே இயல்புப் பாதையைத் திரும்ப எழுதி, ஸ்பூலரை மறுதொடக்கம் செய்யுங்கள்.

நிர்வாகி கணக்கில் அச்சாகிறது, சாதாரணக் கணக்கில் ஆகவில்லை என்றால், அந்தக் கோப்புறையின் அனுமதிகள் கலைந்திருக்கின்றன. நன்றாக ஓடும் இன்னொரு கணினியில் அதே கோப்புறையின் செக்யூரிட்டி தாவலைத் திறந்து, பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுச் சரிசெய்யுங்கள். எல்லோருக்கும் முழு அனுமதி கொடுத்துவிடும் குறுக்குவழியை எடுக்காதீர்கள். பொதுக் கணினியில் அது பிறர் கோப்புகளைத் திறந்துவைப்பதாகும்.

வலையமைப்பில் உள்ள பிரிண்டர் இயங்கிக்கொண்டே இருந்தும் 'ஆஃப்லைன்' என்று காட்டினால், அதன் ஐபி முகவரி மாறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மாறவில்லையென்றால் போர்ட் அமைப்பில் 'எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ் எனேபிள்ட்' என்ற குறியை எடுத்துப் பாருங்கள். இது ஸ்பூலரின் குறையல்ல.

விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பில் 'விண்டோஸ் ப்ரொடெக்டட் பிரிண்ட் மோட்' என்ற வசதி வந்திருக்கிறது. இயல்பில் அது அணைந்திருக்கும். யாராவது அதை இயக்கிவிட்டால், தயாரிப்பாளரின் டிரைவரை நம்பி ஓடும் பிரிண்டர்கள் பட்டியலிலிருந்தே மறைந்துவிடும். செட்டிங்ஸில் பிரிண்டர்கள் பக்கத்தின் கீழ்ப்பகுதியில் அதை அணைத்துவிட்டு, பிரிண்டரை மறுபடி சேர்க்க வேண்டும்.

அறிகுறி 5: பட்டியலில் பிரிண்ட் ஸ்பூலரே இல்லை

சர்வீஸ் பட்டியலில் அந்தப் பெயரே காணவில்லையென்றால், ரெஜிஸ்ட்ரியில் அதற்குரிய பகுதி அழிக்கப்பட்டிருக்கிறது. முடக்குவதோடு நிற்காமல் அழித்தே விடும் ஸ்கிரிப்ட்டுகளின் வேலை இது. தீநிரல் நீக்கத்தின்போதும் நேரலாம்.

மீட்புப் புள்ளி இருந்தால் சிஸ்டம் ரெஸ்டோர்தான் மிக எளிய வழி. உங்கள் கோப்புகளை அது தொடாது. ஆனால் அந்த நாளுக்குப் பிறகு நிறுவிய மென்பொருள்கள் போய்விடும்.

மீட்புப் புள்ளி இல்லையென்றால், அதே விண்டோஸ் பதிப்பு ஓடும் இன்னொரு நல்ல கணினியில் ரெஜிஸ்ட்ரி எடிட்டரைத் திறந்து, லோக்கல் மெஷின், சிஸ்டம், கரண்ட் கன்ட்ரோல் செட், சர்வீசஸ் என்று இறங்கி, ஸ்பூலர் என்ற பகுதியை மட்டும் எக்ஸ்போர்ட் செய்து, பென் டிரைவில் கொண்டுவந்து, பழுதான கணினியில் இருமுறை சொடுக்கிச் சேர்த்து, மறுதொடக்கம் செய்யுங்கள். சேர்ப்பதற்கு முன் அந்தக் கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள்: 'ஸ்டார்ட்' என்பதன் மதிப்பு 2 ஆகவும், 'ஆப்ஜெக்ட்நேம்' என்பது லோக்கல்சிஸ்டம் ஆகவும் இருக்க வேண்டும். இணையத்தில் யாரோ ஏற்றிவைத்த ரெஜிஸ்ட்ரி கோப்புகளைத் தரவிறக்கிப் போடாதீர்கள். அந்தக் கோப்புக்குள் வேறென்ன இருக்கிறது என்று பார்க்காமல் நிர்வாகி உரிமையோடு கணினிக்குள் விடுவது மிக ஆபத்தான செயல்.

இதுவும் பலிக்காவிட்டால், கோப்புகளையும் மென்பொருள்களையும் வைத்துக்கொண்டே விண்டோஸை அதன் மேலேயே நிறுவும் பழுதுநீக்க நிறுவல் இருக்கிறது. விண்டோஸ் 11-இன் அண்மைப் பதிப்புகளில் செட்டிங்ஸ், சிஸ்டம், ரெகவரி பக்கத்திலேயே, விண்டோஸ் அப்டேட் வழியாகப் பிரச்சினைகளைச் சரிசெய்யும் தேர்வு கொடுக்கப்பட்டிருக்கிறது. பழைய பதிப்புகளில் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து ஐஎஸ்ஓ கோப்பை இறக்கி, ஓடும் விண்டோஸுக்குள்ளிருந்தே செட்டப்பை இயக்க வேண்டும். வெளிநிறுவனச் சர்வீஸ்களின் அமைப்புகள் பெரும்பாலும் அப்படியே இருக்க, விண்டோஸின் சர்வீஸ்கள் இதில் இயல்புநிலைக்குத் திரும்பும். அழித்துப் போடுவதற்கு முந்தைய படி இதுதான். இதை விட்டுவிட்டு அடுத்த படிக்குப் போகச் சொல்லும் யாரிடமும் காரணம் கேளுங்கள்.

அறிகுறி 6: இந்தக் கணினியில் அச்சாகிறது, பகிர்ந்த பிரிண்டருக்கு மற்ற கணினியிலிருந்து போகவில்லை

இங்கே சர்வீஸ் இயங்கிக்கொண்டிருக்கும்; 2021-க்குப் பிறகு இறுக்கப்பட்ட பாதுகாப்பு அமைப்புகள் வழியை மறித்துக்கொண்டிருக்கும். எந்த எண் வருகிறது என்பதைப் பொறுத்துப் பிரித்துப் பாருங்கள்.

எண் எதுவும் இல்லாமல் பகிர்வே எடுபடவில்லையென்றால், பிரிண்டர் இணைக்கப்பட்ட கணினியில் விண்டோஸின் கொள்கை அமைப்புகளை மாற்றும் குரூப் பாலிசி எடிட்டரைத் திறந்து, கம்ப்யூட்டர் கான்ஃபிகரேஷன், அட்மினிஸ்ட்ரேடிவ் டெம்ப்ளேட்ஸ், பிரிண்டர்ஸ் என்பதன் கீழ் 'அலவ் பிரிண்ட் ஸ்பூலர் டு அக்செப்ட் கிளையண்ட் கனெக்ஷன்ஸ்' என்ற கொள்கையைப் பாருங்கள். பிரிண்ட்நைட்மேர் நாள்களில் இது டிசேபிள்டு ஆக்கப்பட்டிருக்கலாம். இயல்பு 'நாட் கான்ஃபிகர்டு'. மாற்றிய பிறகு ஸ்பூலரை மறுதொடக்கம் செய்தால்தான் அது செயலுக்கு வரும்.

11பி என்று முடியும் எண் வந்தால், இரண்டு கணினிகளில் ஒன்று அப்டேட் ஆகாமல் பின்தங்கியிருக்கிறது. 2021 செப்டம்பர் திருத்தத்திலிருந்து, பிரிண்டர் உள்ள கணினி இன்னும் வலுவான அடையாளச் சரிபார்ப்பைக் கேட்கிறது. இரண்டையும் முழுமையாக அப்டேட் செய்வதே சரியான தீர்வு. ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பைப் பூஜ்யமாக்கி அந்தச் சரிபார்ப்பையே அணைத்துவிடும் குறிப்பு எங்கும் பரவியிருக்கிறது. உடனே அச்சாகும் என்பது உண்மைதான். ஆனால் மூடப்பட்ட ஓட்டை மறுபடி திறந்துவிடும். பழைய கணினியை அப்டேட் செய்ய இயலாதென்றால், பிரிண்டருக்கே வலை இணைப்பு இருக்கும்பட்சத்தில் பகிர்வை விட்டுவிட்டு, ஒவ்வொரு கணினியிலும் அதன் ஐபி முகவரியைக் கொடுத்து நேரடியாகச் சேர்ப்பது நல்லது.

709 என்று முடியும் எண், விண்டோஸ் 11-இன் 22எச்2 பதிப்பு வந்த பிறகு பழைய கணினியிலுள்ள பிரிண்டரை அணுகும்போது அதிகம் தென்படுகிறது. அந்தப் பதிப்பு முதல் அச்சுத் தொடர்புக்கு இயல்பாக டிசிபி வழி பயன்படுகிறது. முன்பு நேம்டு பைப்ஸ் வழி இருந்தது. ஃபயர்வால் தடுக்கிறதா என்று பார்த்துவிட்டு, தீராவிட்டால் மட்டும் அதே பிரிண்டர்ஸ் கொள்கைகளில் 'கான்ஃபிகர் ஆர்பிசி கனெக்ஷன் செட்டிங்ஸ்' என்பதை இயக்கி, வெளிச்செல்லும் தொடர்புக்கு நேம்டு பைப்ஸைத் தேர்ந்தெடுங்கள்.

சாதாரணக் கணக்கில் டிரைவரை நிறுவும்போது நிர்வாகி கடவுச்சொல் கேட்பது பழுதல்ல. 2021 ஆகஸ்ட் முதல் அதுவே இயல்பு. நிர்வாகி ஒருமுறை நிறுவிக் கொடுத்தால் போதும்.

தொழில்நுட்பரை எப்போது அழைப்பது

அலுவலக டொமைனில் (நிறுவனத்தின் மையக் கட்டுப்பாட்டு வலையமைப்பில்) உள்ள கணினி, பலருக்கு அச்சு வழங்கும் சர்வர், தீநிரல் ஐயம் எழுந்த கணினி ஆகியவற்றில் மேலே சொன்னவற்றைப் பார்ப்பதோடு நின்றுவிடுங்கள், எதையும் மாற்ற வேண்டாம். எஸ்எஃப்சி ஓடி முடிந்து, சிதைந்த கோப்புகள் சிலவற்றைச் சரிசெய்ய இயலவில்லை என்று சொன்னாலும், பழுதுநீக்க நிறுவல் பாதியில் பின்வாங்கினாலும் அழைக்கும் நேரம் வந்துவிட்டது. சிஸ்டம் பதிவேட்டில் டிஸ்க் என்ற மூலத்திலிருந்து 7 என்ற எண்ணில் குறிப்புகள் இருந்தால், ஸ்பூலரை மறந்துவிட்டு முதலில் தரவைப் படி எடுங்கள். அது வன்வட்டில் படிக்க முடியாத பகுதிகள் தோன்றிவிட்டதைச் சொல்கிறது.

அழைக்கும்போது நான்கு செய்திகளைக் கையில் வைத்திருந்தால் அவருடைய நேரமும் உங்கள் பணமும் மிஞ்சும்: தொடங்கும்போது வரும் பிழை எண், 'எஸ்சி க்யூசி ஸ்பூலர்' கட்டளையின் முழு விடை, 1000 என்ற குறிப்பில் உள்ள டிஎல்எல் பெயர், 7040 குறிப்பில் உள்ள நாளும் நேரமும். இவற்றைப் பார்க்காமலே விண்டோஸை அழித்துப் போட வேண்டும் என்று முதல் பேச்சிலேயே சொல்பவரிடம் கணினியைக் கொடுக்காதீர்கள்.